நீலப் புள்ளிக்காரிகள்

என் மகளின் அறையில் சில நாட்களாகவே ஒரு மணம் இருந்தது. நகப்பூச்சைத் துடைக்கும் தண்ணீரின் மணம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு நகம் பூசிக்கொண்டு போவது பற்றி எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்ததால், யன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு வசனம் ஏசிவிட்டு வேலைக்குப் போனேன். அவள் போர்வைக்குள் இருந்தபடியே "ஸா வா, மமோன்" என்றாள், ஒன்றுமில்லை அம்மா என்று பிரெஞ்சில். அந்த நாட்களில் தண்ணீரும் நிறையக் குடித்தாள். அதை நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் எனக்கு விளக்கினார். சிறுவயதில் வருகிற நீரிழிவு. சாப்பிடுவது உடம்பில் சேர்வதில்லை. உடம்பு பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கத் தொடங்கிவிடுகிறது. மூச்சில் பழம் மணப்பது அதனால்தான் என்றார். நீங்கள் கவனிக்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. நான் கட்டிலோடு குனிந்து மகளின் மூச்சை மோந்து பார்த்தேன். கனிந்து கெடத் தொடங்கிய அன்னாசியின் மணம். அதை எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு செம்மறியின் வாயில் அதை மோந்திருக்கிறேன்.

மகள் இப்போது நலம். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள், என்னைவிட நேர்த்தியாக. நான்தான் இன்னும் நலமாகவில்லை. அவளுடைய அறைக்கு வெளியே நின்று மோந்து பார்க்கிற பழக்கம் ஒன்று வந்துவிட்டது. அதை அவள் கண்டுபிடித்தும் விட்டாள். அந்தச் செம்மறியின் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டேன். எழுதினால் முடிக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்போது நாங்கள் பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். அறையில் நாங்கள் மூவரும் படுத்தோம், குசினியில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. சித்தி யாழ்ப்பாணத்தில் இருந்தார், வயிற்றில் பிள்ளையோடு. சித்தப்பா புறப்பட்டபோது அது இருவருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார் என்று அம்மா சொல்வார். தெரிந்திருந்தால் இன்னும் கெதியாகப் போயிருப்பான் என்று அப்பா சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு மீன்குழம்பும் சோறும் போட்டார். அவர் சாப்பிட்டுக்கொண்டே செய்திகளைச் சொன்னார். சித்தியின் ஊரில் எல்லோரும் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்றார்.

"சமைச்ச சாப்பாடு குடுக்கினம்தான் அக்கா. காலமை காய்ச்சி, அது வந்து சேர பின்னேரம் ஆயிடும். வாளியைத் திறந்தா புளிச்ச மணம் குப்பெண்டு அடிக்கும். என்ன செய்யிறது, எல்லாரும் அதைத்தான் தின்னுறது."

"அவளுமோ?" என்று அம்மா கேட்டார்.

"அவவும்தான்."

சித்தப்பா குசினி வாசலில் நின்றார். விருந்தாளியின் கோப்பையில் தண்ணீர் முடிந்திருந்ததைப் பார்த்து ஊற்றிவிட்டு உள்ளே போனார். எனக்கு அன்று நினைவில் நின்றது வேறு ஒன்று. வந்தவர் கொண்டுவந்த எள்ளுருண்டை கல் மாதிரி இறுகியிருந்தது.

சித்தப்பாவுக்கு வேலை இறைச்சிக்காரர் மூலமாக வந்தது. உணவகத்துக்கு இறைச்சி கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரர் ஒருநாள் அப்பாவிடம், வடக்கே தன் நண்பர் ஒருவர் செம்மறிகள் வைத்திருப்பதாகவும், காலை உடைத்துக்கொண்டு இருப்பதாகவும், குளிர்காலத்துக்கு ஆடு பார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்றும் சொன்னார். ஆடுகள் குட்டி போட்டு முடியும்வரை ஒழுங்காக நின்றால் நிரந்தரமாக வேலை தருவார், விசாவுக்கும் அவரே அரசாங்க அலுவலகமான பிரிபெக்தூருக்குக் கூட வருவார். அப்பா இதை வீட்டில் சொன்னபோது சித்தப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

"எங்கடை வீட்டிலை ஆடு நிக்காத நாள் இருந்ததே, அண்ணை?"

நின்றது உண்மைதான். பூவரசு மரத்தடியில் மூன்று வெள்ளாடுகள். செம்மறியைச் சித்தப்பா தெருவில் போகும்போதுதான் பார்த்திருந்தார். ஆடு ஆடுதானே என்பது அவருடைய அபிப்பிராயம். அப்பாவும் அதை மறுக்கவில்லை.

ஒரே குறை, சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருந்தது. "ரெண்டு கிழமைதானே. வக்கோன்ஸுக்குப் பிள்ளை போய் நிக்கட்டும், அதுக்குள்ளை இவன் பழகிடுவான்" என்றார் அப்பா. குளிரில் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று அம்மா சொன்னார். கடைசியில் என் கம்பளிச் சட்டைக்கு உள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை போட்டு அனுப்பினார். சித்தப்பாவின் பெட்டியில் உடுப்புகளுக்கு மேலே சிவப்பு நைலோன் வலைச் சாக்குகள் ஒரு கட்டு இருந்தன. லா சப்பல் பலசரக்குக் கடையில் வெங்காயம் வருகிற சாக்குகள். அங்கே மூட்டை இறக்கும்போது சேர்த்துவைத்தது. எதற்கென்று கேட்டேன். எதற்காவது உதவும் என்றார்.

ஆடுகளின் சொந்தக்காரரை நாங்கள் முசியூ என்றே அழைத்தோம். அவர் தன் குசினியில் ஒரு நாற்காலியில் இருந்தார், மாக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி. பெரிய மனிதர், மீசையில் கோப்பி ஒட்டியிருந்தது. ஆடுகள் நின்ற தகரக் கொட்டகை முற்றத்துக்கு அப்பால், பனியும் சேறும் தாண்டி. அவரால் போகமுடியாது. அவருடைய மனைவி, மதாம், கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்தார், இருட்டில் போய் இருட்டில் வருவார், ஞாயிற்றுக்கிழமைதான் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். ஆகவே ஆடுகளைப் பார்த்தது சித்தப்பாவும் நானும். பார்த்ததை முசியூவுக்குச் சொன்னது நான்.

முதல்நாள் அவர் மேசையில் கத்தியையும் கரண்டியையும் வரிசையாக வைத்துப் பாடம் நடத்தினார். கொட்டகையில் இரண்டு அடைப்புகள். வயிற்றைப் பார்க்கிற இயந்திரத்தோடு ஒருவர் வந்து, ஒரு குட்டி உள்ளவற்றின் முதுகில் சிவப்புப் புள்ளியும், இரட்டைக் குட்டி உள்ளவற்றுக்கு நீலப் புள்ளியும் வைத்துவிட்டுப் போயிருந்தார். சிவப்பும் சினைப்படாததும் ஓர் அடைப்பில், நீலம் மற்றதில். எல்லாவற்றுக்கும் பின்னேரம் காய்ந்த புல், ஆட்டின் நெஞ்சளவு உயரத்தில் சட்டம் அடித்த தட்டியில். நீலத்துக்குக் காலையில் கறுப்புப் பிளாஸ்ரிக்கில் சுற்றிய புல்லும், நீளத் தொட்டியில். இரட்டைக் குட்டிகள் உள்ளே இடத்தை அடைத்துக்கொள்வதால் அவற்றின் இரைப்பைக்கு அதிகம் கொள்ளாது, கொஞ்சம் தின்றாலும் சத்து உள்ளதைத் தின்ன வேண்டும், காய்ந்த புல் அவற்றுக்குப் போதாது. மிச்சம் வருவதைச் சிவப்புக்குப் போடலாம்.

இன்னொன்றும் சொன்னார். தீனி போடும்போது வருகிற ஆடுகளைப் பார்க்க வேண்டியதில்லை. வராத ஆட்டைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பிளாஸ்ரிக்கில் சுற்றிய புல்லுக்குத்தான் எனக்குச் சொல் இல்லை. கோடையில் பச்சையாக வெட்டி, காற்றுப் புகாமல் கட்டிவைத்து, அது உள்ளேயே புளித்து, குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும் என்று முசியூ விளக்கியதைக் கேட்டு, "ஊறுகாய்ப் புல்" என்றேன். அந்தப் பெயரில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா முதல் கட்டைக் கத்தியால் கீறினார். உள்ளேயிருந்து ஆவி எழும்பியது. தோசைமா மூன்று நாள் மூடிவைத்த பானையைத் திறந்ததுபோல ஒரு வாடை. சித்தப்பா ஓரடி பின்னால் போனார்.

"இதுவோ ஊறுகாய்? ஊறுகாய்க்கு உப்பும் தேசிக்காயும் வேணும். இது பழுதாப்போன சாமான்."

"முசியூ இப்பிடித்தான் இருக்குமெண்டு சொன்னவர், சித்தப்பா."

"அவருக்கென்ன, அவர் அங்கை அடுப்படியிலை இருக்கிறார். மணம் அங்கை போகாது."

கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பழுப்பு நிறம், ஈரம். நீல அடைப்பிலிருந்து ஆடுகள் கத்தத் தொடங்கியிருந்தன. அவை தின்பதற்காகத்தான் கத்தின என்று இப்போது தெரிகிறது. சித்தப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு அவற்றைக் கடந்து போய், சிவப்புப் புள்ளி அடைப்பின் தொட்டியில் கொட்டினார்.

"நீலத்துக்கெல்லோ குடுக்கச் சொன்னவர்?"

"இஞ்சை பார் பிள்ளை." அவர் கூடையை ஒரு தட்டுத் தட்டி உதறினார். "ரெண்டு குட்டியை வயித்திலை வைச்சுக்கொண்டு நிக்கிறாளுகள். பிள்ளைத்தாச்சிக்குப் புளிச்சுப்போனதை ஆரும் குடுப்பினமோ? இவளுகளுக்கு நான் நல்ல சாப்பாடு குடுக்கிறன், பார்."

நல்ல சாப்பாடு என்பது காய்ந்த புல். அதில் பச்சை மாறாத, தேயிலை மாதிரி மணக்கிற கட்டுகளாகப் பார்த்து அவர் தெரிந்தெடுத்தார். இனி அதைக் கொடுக்கிற விதம். தட்டியிலிருந்து ஆடுகள் புல்லை இழுத்துக் கீழே போட்டு மிதித்துச் சாணியோடு சேர்த்தன. இது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் குழையைக் கட்டி, ஆட்டின் தலைக்கு மேலே கயிற்றில் தூக்கிவிடுவார்கள், ஆடு அண்ணாந்து ஓர் இலை வீணாக்காமல் தின்னும். வெங்காயச் சாக்குகள் எதற்கென்று அப்போது விளங்கியது. அவற்றுக்குள் புல்லை அடைத்து, கொட்டகைக் கூரை வளையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். நீலப் புள்ளிக்காரிகளுக்கு மட்டும். அப்படித்தான் அவற்றை அழைத்தார்.

செம்மறிகள் சாக்குகளுக்குக் கீழே கூடிநின்று ஒன்றையொன்று பார்த்தன. அண்ணாந்து பார்ப்பது அவற்றுக்குப் பழக்கம் இல்லை போலும். பிறகு ஒன்று எட்டி இழுத்தது, தூசும் விதையும் அதன் முகத்தில் கொட்டின. அது தும்மியது. சித்தப்பா மகிழ்ந்து போனார். "பழகுவாளுகள்" என்றார்.

பழகத்தான் செய்தன. ஆனால் கழுத்து உரோமமெல்லாம் புல்விதை ஏறி, கண்களில் நீர் வடியத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதாம் கொட்டகைக்கு வந்தார். கூரையில் சிவப்பு வலைகள் தோரணம் மாதிரித் தொங்குவதைப் பார்த்து, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னார், அங்கே முசியூவும் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வெள்ளாடு தலையைத் தூக்கித் தின்னும், செம்மறி குனிந்துதான் தின்னும், மேலே கட்டினால் விதை கண்ணில் விழுந்து கண் கெட்டுவிடும், கழற்றச் சொல் என்றார். நான் சொன்னேன். சித்தப்பா போய் எல்லாவற்றையும் கழற்றி, மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்று மத்தியானம் மேசையில் பாணை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார். அவர்கள் சிரித்தது அவருக்குள் எங்கோ தங்கிவிட்டது.

"கழட்டச் சொல்லேக்கை கோவமாவோ சொன்னவர்?" என்று பின்னேரம் வரை என்னை மூன்று முறை கேட்டார்.

"இல்லை சித்தப்பா, சிரிச்சுக்கொண்டு."

"அதுதான்" என்றார்.

புளித்த புல் சிவப்புக்காரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது பற்றி யாரும் கேட்கவில்லை. போட்ட பிளாஸ்ரிக் புல் முடிந்ததா என்று முசியூ ஒவ்வொரு நாளும் கேட்டார். முடிந்தது என்றார் சித்தப்பா. நானும் அப்படியே சொன்னேன். முடிந்ததுதான். சிவப்புக்காரிகள் மினுமினுவென்று கொழுத்துக்கொண்டு வந்தன.

நீலத்தில் காது கிழிந்த ஒருத்தி இருந்தாள். தீனி என்றால் அவள்தான் முதலில் வருவாள், மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு. ஒருநாள் அவள் கடைசியாக வந்தாள். அடுத்த நாள் வரவில்லை. சுவரைப் பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல நின்றாள். சித்தப்பா அவளுடைய கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். இமை அசையவில்லை.

அவர் அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

"கண் போயிட்டுது" என்றார். "நான் கட்டின சாக்கு."

எழுந்து போய் உப்புத்தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தார். அவள் தலையை மடியில் வைத்து, ஒரு பிள்ளைக்குத் துடைப்பதுபோல இரண்டு கண்களையும் துடைத்தார். அவள் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சித்தப்பா அவளுடைய வாயை மோந்து பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நீ மோந்து பார். பழம் மணக்குது. வயித்திலை ஒரு கோளாறும் இல்லை. கண்தான். கழுவக் கழுவ மாறும்."

நான் மோந்தேன். உண்மையாகவே நல்ல மணம். லா சப்பல் கடை வாசலில் வெட்டிவைத்திருக்கும் அன்னாசியின் மணம். இந்தக் கொட்டகையில் இதற்குமுன் எதுவும் அவ்வளவு நன்றாக மணந்ததில்லை.

"முசியூவுக்குச் சொல்லுவமோ?"

"சொல்லாதை. மாறின பிறகு சொல்லுவம். இப்ப சொன்னா என்னைத் திருப்பிப் பாரிசுக்கு, கார் து நோருக்கு ரிக்கெற் எடுத்து அனுப்பிப்போடுவார். பிறகு விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. விசா இல்லாவிட்டால் சித்தி வரமாட்டார், சித்தி வராவிட்டால் சித்தப்பா எப்போதும் எங்கள் குசினியில்தான் படுப்பார். பத்து வயதில் அந்த அளவுக்கு விளங்கியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது முசியூ வழக்கம்போலக் கேட்டார். யார் வரவில்லை? சித்தப்பா தமிழில், "எல்லாரும் வந்தவை எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்வதுதான் என் வேலை. நடுவில் எனக்கென்று சொல்ல எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மறுநாள் காது கிழிந்தவள் படுத்துவிட்டாள். சித்தப்பா காலையிலிருந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு இரண்டு நீலப் புள்ளிக்காரிகளும் தீனிக்கு வராமல் நின்றதை அவர் பார்த்தாரோ தெரியாது. மாலையில் முசியூ கேட்டார், சித்தப்பா அதே பதிலைச் சொன்னார், நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்கு முன், முசியூ சிரித்துக்கொண்டே என்னிடம் இன்னொன்று கேட்டார். காது கிழிந்தவள், அந்தச் சண்டைக்காரி, இன்றைக்கும் எல்லோரையும் இடித்துத் தள்ளினாளா?

சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஆகவே அதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. முசியூ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, அவள் படுத்திருக்கிறாள் என்றேன். பிறகு, அது கெட்ட செய்தியாக மட்டும் இருக்கக்கூடாது என்று நினைத்து, ஆனால் அவளுடைய வாய் பழம் மாதிரி மணக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன்.

முசியூ எழும்பினார். நாற்காலி பின்னால் விழுந்தது. மதாம் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே அவருடைய ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?" என்றார் சித்தப்பா.

"பழம் மணக்குதெண்டு சொன்னன்."

முற்றத்தின் பனியில் மாக்கட்டுக் காலோடு அவர் போனதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கொட்டகையில் அவர் ஆட்டின் கண்ணைப் பார்க்கவேயில்லை. காலை ஒருபக்கம் நீட்டிக் கீழே இருந்து, வாயை மோந்தார். பிறகு முதுகு உரோமத்துக்குள் கையை விட்டு அழுத்தினார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். வெளியே பார்க்கப் பஞ்சுமூட்டை மாதிரி இருந்தவள், உள்ளே வெறும் எலும்பு. மற்ற நீலப் புள்ளிக்காரிகளையும் அப்படித் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். மதாம் ஓடிப்போய்ப் சர்க்கரைப்பாணி மாதிரி ஒரு மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினார்.

இவை என்ன தின்றன என்று முசியூ கேட்டார்.

"புல்லு. நல்ல புல்லு. வயிறு முட்டக் குடுத்தனான்" என்றார் சித்தப்பா. வயிறு நிறைந்துதான் இருந்தது, அதுதான் விஷயம். வெறும் காய்ந்த புல்லால் நிறைந்திருந்தது. உள்ளே வளர்ந்த குட்டிகள் தாயை எடுத்துத் தின்றுகொண்டிருந்தன.

பிளாஸ்ரிக் புல்லை ஏன் கொடுக்கவில்லை?

இதை நான் தமிழில் சொன்னபோது சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, முசியூவையும் பார்க்கவில்லை. காது கிழிந்தவளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவளுக்குப் புளிச்ச சாப்பாடு குடுக்க எனக்குக் கை வரேல்லை எண்டு சொல்லு."

கை வரேல்லை என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டுப்போனது என்று நினைத்துவிட்டார் என்றேன். போதாது என்று பட்டது. முசியூவின் முகம் சிவந்து, வாய் திறக்கப் போனது. அந்த மாதிரி முகங்களுக்குப் பின்னால் என்ன வரும் என்று பாரிஸில் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னேன். இவருடைய மனைவிக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், அங்கே புளித்த சோறுதான் கொடுக்கிறார்கள்.

முசியூ வாயை மூடிக்கொண்டார். மதாம் போத்தலைக் கீழே வைத்தார். சித்தியைப் பற்றிச் சொன்னது இந்த ஆட்டு விஷயத்தை எப்படி நிறுத்தியது என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இவை என்ன கதைக்கினம்?" என்றார் சித்தப்பா மெதுவாக.

"ஒண்டும் கதைக்கேல்லை."

கடைசியில் முசியூ சொன்னார். நாளை காலை நீலத்துக்கு உன் சித்தப்பாதான் அந்தப் புல்லைப் போட வேண்டும், நானும் வந்து இருப்பேன் என்று சொல். கார் து நோர் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

காது கிழிந்தவள் விடியும்வரை உயிரோடு இருந்தாள். பிறகு இல்லை. குட்டிகளும் உள்ளேயே போய்விட்டன. மற்ற இரண்டும் பிழைத்துக்கொண்டன.

சித்தப்பா அங்கே நிலைத்துவிட்டார். முசியூ சொன்னபடியே அவரோடு பிரிபெக்தூருக்குப் போனார். சித்தியும் பிள்ளையும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வேலையை விட்டுவிட்டு அவர்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் ஆர்ஜொந்தெய்க்குக் குடிவந்தார்கள். அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் பிறந்த பிள்ளை, என் தங்கச்சி, இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், என்னைவிட உயரம். என் மகள் மருத்துவமனையில் இருந்தபோது சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கென்று சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சித்தப்பா வந்ததும் லிஃப்ற்றில் கூட்டம் என்று குறைபட்டுக்கொண்டார், தாதிமார் எல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்றார். நான் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், அந்தக் காது கிழிந்த செம்மறியின் வாய் மணம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆர் இப்ப நினைச்சுக்கொண்டிருக்கிறது" என்றார்.

போகும்போது கட்டிலில் குனிந்து என் மகளை உச்சி மோந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் குனிந்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆடு செத்த நாளின் காலையை. முசியூ கொட்டகை நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார், ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. காது கிழிந்தவள் மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தாள். சித்தப்பா ஒரு புதுக் கட்டைக் கீறினார். ஆவி எழும்பியது, அதே வாடை. கூடையை நிரப்பி, நீலப் புள்ளிக்காரிகளின் தொட்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொட்டிக்கொண்டு போனார்.

அவை பாய்ந்து வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடித்து, தொட்டிக்குள் முகத்தைப் புதைத்துத் தின்றன. இவ்வளவு நாளும் இதற்காகத்தான் கத்தியிருக்கின்றன. நல்ல புல்லை அவை ஒருநாளும் அப்படித் தின்றதில்லை. மழை பெய்வதுபோல ஒரு சத்தம். முசியூ வராத ஆடு எது என்று பார்த்தார். எல்லாம் வந்திருந்தன. அவர் திருப்தியோடு எனக்குத் தலையாட்டினார்.

"பாருங்கோ சித்தப்பா, என்ன ஆசையாத் தின்னுதுகள்!" என்று கத்தினேன்.

சித்தப்பா பார்க்கவில்லை. வெறும் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவை தின்று முடித்துத் தொட்டியை நக்கும்வரை அப்படியே நின்றார். தோள் மட்டும் அசைந்தது. அந்தப் புல்லின் நாற்றம் அவருக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் என் மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்தேன்.